கால் எங்கே வலிக்கிறது? பெண்களின் பயண ஷூவில் பிழை கண்டு நீக்கும் வழிமுறை

பயணத்துக்கென்று ஆசையாக வாங்கிய ஷூ காலை வருத்தும்போது, பெரும்பாலோர் போகப் போகப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்கிறார்கள்; பொறுக்க முடியாதவர்கள் அடுத்த எண்ணில் பெரிதாக இன்னொன்றை வாங்குகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் பலன் தருவதில்லை. ஷூவின் ஒவ்வொரு பகுதியும் பாதத்தின் ஓர் இடத்தைத் தாங்கவோ பிடித்துக்கொள்ளவோ அமைக்கப்பட்டது. ஆகவே வலி எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால், ஷூவின் எந்தப் பகுதியில் தவறு என்பது தெரிந்துவிடும். அந்த ஒன்றைத் திருத்தினாலே போதும். திருத்த முடியாததாக இருந்தால், அடுத்த ஷூவை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதாவது தெளிவாகும்.

கீழே சொல்பவை ரோம், லிஸ்பன், வெனிஸ் போன்ற கல் பாவிய பழைய நகரங்களில் காலை முதல் மாலை வரை நடப்பவரை மனத்தில் கொண்டு எழுதியவை. கரடுமுரடான கல், ஏற்ற இறக்கம், படிகள், அருங்காட்சியகத்தின் பளிங்குத் தரை ஆகிய அனைத்தும் ஒரே நாளில் வருவதால், ஷூவின் எந்தக் குறையும் அங்கே மறைந்திருக்க முடியாது.

எந்தச் சோதனையையும் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, மாலை வேளையில், பயணத்தில் அணியப்போகும் அதே சாக்ஸுடன் செய்யுங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். விமானத்தில் நெடுநேரம் உட்கார்ந்து இறங்கும்போதும் அப்படித்தான். வீட்டுக்குள் சுத்தமான தரையில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். அதற்குள் வலித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். 2015ஆம் ஆண்டில், கல்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓட்டக்காரர்களின் காயங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், அணிந்த உடனே வசதியாகத் தோன்றும் ஷூவைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைத் தவிர்க்கும் வழியாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். நடப்பவருக்கும் அது நல்ல வழிகாட்டி என்றே கருதுகிறேன்.

குதிகாலின் பின்புறம் கடிக்கிறது, கொப்புளம் எழுகிறது

லேஸை வழக்கம்போலக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் குதிகால் ஷூவுக்குள் மேலெழுந்து இறங்கினால், அது தளர்வால் வரும் கடி. குதிகால் அசையவே இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் எரிகிறது என்றால், ஷூவின் பின்விளிம்பு உயரமாகவோ விறைப்பாகவோ இருந்து தசைநாரை அழுத்துகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

தளர்வே நம் பெண்களிடம் அதிகம் காணப்படும் குறை. சிறு வயது முதல் செருப்பு அணிந்தும் வீட்டில் வெறுங்காலுடன் நடந்தும் வளர்ந்த பாதம் முன்பக்கம் நன்றாக விரிந்தும் பின்பக்கம் ஒடுங்கியும் இருப்பதுண்டு. முன்பக்கத்துக்கு இடம் வேண்டும் என்று ஓர் எண் பெரிதாக வாங்கும்போது பின்பக்கம் தொளதொளத்துப் போகிறது. இதற்குப் பணச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. பல ஷூக்களில் கணுக்காலுக்கு அருகே, மற்றத் துளைகளிலிருந்து சற்று விலகி, ஒரு கூடுதல் துளை இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அந்தந்தப் பக்கத்துக் கூடுதல் துளையிலேயே நுழைத்து ஒரு சிறிய வளையம் விடுங்கள். பிறகு வலது முனையை இடது வளையத்திலும் இடது முனையை வலது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சிடுங்கள். குதிகால் பின்னோக்கி அமர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்குப் பிறகும் எழுந்தால், அந்த ஷூவின் அச்சு உங்கள் பாதத்துக்கானதல்ல.

விறைப்பால் வரும் கடியென்றால், தோல் ஷூவின் விளிம்பைக் கையால் பலமுறை மடக்கி நெகிழச் செய்யலாம். செயற்கைப் பொருளால் ஆன விளிம்பு அவ்வளவாக இளகாது. கொலுசு அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உயரமான விளிம்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் கொலுசு சிக்கி உரசுவதை ஷூ கடிப்பதாக எண்ணிக்கொள்வது உண்டு. நீண்ட நடைநாள்களில் கொலுசைக் கழற்றி வைப்பது நல்லது.

கொப்புளம் வெறும் மேல்தோல் உரசலால் வருவதன்று. எலும்பு ஒரு பக்கமும் சாக்ஸோடு ஒட்டிய தோல் மறு பக்கமுமாகத் திரும்பத் திரும்ப இழுபடும்போது, தோலின் அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. ஈரம் இந்தப் பிடிப்பை அதிகமாக்கும். பருத்திச் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால், நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதென்று நினைத்து அணியும் அதுவே கொப்புளத்துக்கு வழி செய்கிறது. மெரினோ கம்பளியோ, வியர்வையை வெளியேற்றும் பாலியஸ்டர் கலப்போ மேலானது. மெல்லிய மெரினோ கோடையிலும் உறுத்தாது.

ஓரிடத்தில் சூடு தட்டுவதுபோல் தோன்றிய உடனே, நடுத்தெருவானாலும் நின்று, அந்த இடத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான டேப் கொப்புளத்தைக் கணிசமாகக் குறைத்தது தெரியவந்தது. ஏற்கெனவே கொப்புளம் எழுந்துவிட்டால் அதன் மேல்தோலை உரிக்காதீர்கள். அதுவே இயற்கையான கட்டு.

விரல் நுனி இடிக்கிறது, நகம் கறுக்கிறது

இது இறக்கத்தில் வெளிப்படும் குறை. லிஸ்பனின் அல்ஃபாமா பகுதியில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பாதம் முன்னே சறுக்கி, விரல்கள் ஷூவின் முனையில் மோதும். நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுத்துப்போவது இதனால்தான்.

ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையுடன் நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் மிஞ்ச வேண்டும். மிக நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல் அல்ல. பலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். கடைக்காரர் பெருவிரல் முனையை மட்டும் அழுத்திப் பார்த்துச் சரியென்று சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. இரு பாதங்களும் ஒரே நீளமாக இருப்பது அரிது என்பதால், பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும்.

போதிய நீளம் இருந்தும் விரல் இடித்தால், பாதம் முன்னே சறுக்குகிறது என்று பொருள். மேலே சொன்ன குதிகால் முடிச்சு இதற்கும் உதவும். இறங்குவதற்குமுன் லேஸை மேல்பகுதியில் சற்று இறுக்கிக்கொள்ளுங்கள். நகங்களைக் குட்டையாக, நேராக வெட்டி வையுங்கள்.

எண்களில் வரும் குழப்பமே சிறிய ஷூவை வாங்குவதற்குப் பெரிய காரணம். பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே சுமார் 8.5 மி.மீ. வேறுபாடு; ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மி.மீ. மட்டுமே. அமெரிக்கப் பெண்கள் அளவு, பிரிட்டிஷ் எண்ணைவிடப் பொதுவாக இரண்டு கூடுதலாக இருக்கும். இந்தியக் கடைகளில் வெறுமனே 6 என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் எண். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும்போது அதே 6 மிகச் சிறியதாக இருக்கலாம். ஜப்பானில் பாதத்தின் நீளத்தையே சென்டிமீட்டரில் குறிப்பதால் அங்கே குழப்பம் குறைவு. காகிதத்தில் நின்று இரு பாதங்களையும் வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்து வைத்துக்கொள்வதே நம்பகமானது. கல்லூரி நாளில் அறிந்த எண்ணையே வாழ்நாள் முழுவதும் நம்ப வேண்டாம். மகப்பேற்றுக்குப் பிறகும், வயது கூடும்போதும் பாதம் நீளவும் அகலவும் செய்யும்.

பக்கவாட்டில் நசுங்குகிறது: சுண்டுவிரல், பெருவிரல் அடிமூட்டு, மெட்டி

நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் எரிந்தாலோ, விரல்மேல் கால் ஆணி வளர்ந்தாலோ, பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வலித்தாலோ, ஷூவின் அகலம் போதவில்லை. இந்த இடத்தில் எண்ணைக் கூட்டுவது தவறான தீர்வு. எண் கூடினால் ஷூ நீளும், வளைய வேண்டிய இடம் பாதத்தின் வளையும் இடத்தோடு பொருந்தாமல் தள்ளிப்போகும், குதிகால் தளரும். அதனால் முதல் பகுதியில் சொன்ன கடி புதிதாகத் தொடங்கும்.

குறை உங்கள் பாதத்தில் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமாக இருக்கிறது என்பது அதில் தெரியவந்த முடிவுகளுள் ஒன்று. அதன் அடிப்படையில் 'பா' என்ற இந்திய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. நாம் கடையில் காணும் பல ஷூக்களோ வேறு நாட்டவரின் பாதத்தை அளந்து செய்த அச்சில் உருவானவை. அவற்றுக்குள் கால் நுழையவில்லை என்பதற்காக, "எனக்கு அசிங்கமான கால்" என்று பெண்கள் சொல்லக் கேட்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எதைத் தேட வேண்டும்? அமெரிக்க முறையில் பெண்களுக்கான வழக்கமான அகலம் பி, அகலமானது டி. நியூ பேலன்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே மாதிரியைப் பல அகலங்களில் செய்கின்றன. அகலமான பெண்கள் ஷூ உள்ளூரில் கிடைக்காவிட்டால், அதே மாதிரியின் ஆண்கள் ஷூவைப் போட்டுப் பாருங்கள்; ஆண்களுக்கான வழக்கமான அகலமே டி. பிரிட்டிஷ் எண்ணில் வாங்கினால் எண்ணும் ஏறக்குறைய மாறாது. குதிகால் மட்டும் தளரக்கூடும்.

பெருவிரல் அடிமூட்டு புடைத்திருப்பவர்கள், அந்த இடத்தில் தையலோ ஒட்டுத் துண்டோ இல்லாத, பின்னலாடை போன்ற நெகிழும் மேல்பகுதி கொண்ட ஷூவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோல் ஷூவென்றால், குறிப்பிட்ட அந்த இடத்தை மட்டும் கருவியால் விரித்துத் தரும் தொழிலாளர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

மெட்டி அணிபவருக்கு மூடிய ஷூவில் வரும் வலியைப் பற்றி ஷூ நிறுவனங்களின் கையேடுகளில் எங்கும் படிக்க முடியாது. இரண்டாம் விரலின் மெட்டி, ஷூ இறுகும்போது பக்கத்து விரலில் பதிகிறது. கால் வீங்கினால் விரலையே இறுக்குகிறது. கல்லோ மணியோ பதித்த மெட்டிக்குப் பதிலாக, மெல்லிய தட்டையான, விரித்துச் சுருக்கக்கூடிய மெட்டியைப் பயண நாள்களில் அணியலாம். ஷூவின் விரல் பகுதி அகலமாக மட்டுமின்றி உயரமாகவும் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே தூக்கி அசைக்க முடிகிறதா என்று பார்த்தால் அது தெரியும்.

முன்பாதம் எரிகிறது, கூழாங்கல்லை மிதிப்பதுபோல் இருக்கிறது

உயரமான ஹீல், மெல்லிய சோல் ஆகிய இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ஹீல் உயர உயர உடலின் எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. 2 அல்லது 3 செ.மீ. வரை பலருக்குத் தொல்லை இல்லை. அதற்கு மேல் போனால் நாள் முழுக்க நடக்க உகந்ததல்ல. பார்வைக்கு அழகான பாலே ஃப்ளாட் வகையில் ஹீல் தொல்லை இல்லை. ஆனால் அதன் சோல் அவ்வளவு மெல்லியது. ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் சம்பியெத்ரீனி என்னும் கறுப்புக் கற்களின் ஒவ்வொரு விளிம்பையும் உள்ளங்காலில் உணர வேண்டியிருக்கும்.

ஷூவை இரு கைகளாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்குவதே நல்ல ஷூ. நடுவில் மடங்கினால் பாதவளைவுக்குத் தாங்கல் இல்லை. பிறகு முன்பாதம் அமரும் இடத்தை மேலும் கீழுமாக விரல்களால் அழுத்துங்கள். இரு விரல்களும் எளிதில் ஒன்றையொன்று உணர்ந்தால், கல்லும் அப்படியே உணரப்படும்.

கைவசம் இருக்கும் ஷூவைத் திருத்த வேண்டுமானால், முன்பாதத் திண்டு என்னும் சிறிய மேடு உதவும். எரியும் இடத்தின் மேலேயே அதை ஒட்டுவது வழக்கமான தவறு. எரியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வளைவின் பக்கமாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் எலும்புகள் விரிந்து அழுத்தம் குறையும். மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே மின்சாரம் பாய்வதுபோல் வலியோ மரத்துப்போதலோ தொடர்ந்தால் அது நரம்பு சார்ந்ததாக இருக்கலாம். ஷூவை மாற்றுவதோடு மருத்துவரையும் பாருங்கள்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது

இரவு உறங்கி எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் கூர்மையாக வலித்து, நடக்க நடக்கத் தணிந்து, மாலையில் மீண்டும் தலைதூக்கினால், உள்ளங்காலின் தசைப்பட்டை புண்பட்டிருக்கிறது. அருங்காட்சியகங்களில் கடினமான தரையில் நின்று நின்று நகர்வது, விறுவிறுப்பாக நடப்பதைவிட இந்த இடத்தைக் களைப்படையச் செய்யும். தட்டையான ரப்பர் செருப்போடு ஊர் சுற்றுவது இன்னும் மோசம்.

ஷூவின் பின்சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே சரிந்தால் அது குதிகாலைப் பிடிக்காது. துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். முழுவதும் முறுக்கிக்கொண்டால் அதுவும் ஆகாது. இந்த வலி உள்ளவர்களுக்கு, குதிகால் பகுதி முன்பகுதியைவிட 8 முதல் 10 மி.மீ. உயர்ந்திருக்கும் ஷூ பெரும்பாலும் ஆறுதல் தரும். மிக மென்மையான சோல் கடையில் பஞ்சுமெத்தையாகத் தோன்றினாலும் பிற்பகலுக்குள் அமுங்கிப் பாதத்தைத் தள்ளாட விடுவதுண்டு. மிதமான உறுதியே நீண்ட நாளுக்கு நல்லது. படுக்கையை விட்டு இறங்குமுன் ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன்னை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். விடுதி அறையிலும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.

புறங்கால் மரத்துப்போகிறது

லேஸ் நரம்பை அழுத்துகிறது. புறங்கால் உயர்ந்தவர்களுக்கு இது எளிதில் வரும். வலிக்கும் இடத்துக்கு நேரே உள்ள துளைகளில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், பக்கவாட்டிலேயே மேலே ஏற்றிவிட்டுப் பிறகு வழக்கம்போலக் கட்டினால் போதும். விமானத்தில் லேஸை முழுவதும் தளர்த்தி வையுங்கள்.

மழை பெய்தால் வழுக்குகிறது

லிஸ்பனின் நடைபாதைகளில் பதித்திருக்கும் வெண்ணிறச் சுண்ணாம்புக் கற்கள், நடந்தவர்களின் காலடியால் கண்ணாடிபோல் மெருகேறியவை. தூறல் விழுந்தால் ஊர்க்காரர்களே பார்த்துத்தான் நடப்பார்கள். வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு, பெரும்பாலானவற்றில் கல்படிகள்.

ஆழமான பற்கள் உள்ள மலையேற்றச் சோல் இங்கே உதவும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. அந்தப் பற்கள் மண்ணிலும் சேற்றிலும் ஊன்றுவதற்கானவை. மெருகேறிய கல்லில் அவற்றின் முனைகள் மட்டுமே படுவதால் பிடிப்பு குறையும். தேவைப்படுவது மென்மையான ரப்பரும், நீரை விலக்கும் நுண்ணிய வெட்டுகளும், கல்லில் அகலமாகப் படியும் பரப்பும்தான். 1935இல் அமெரிக்காவின் பால் ஸ்பெர்ரி, பனிக்கட்டிமேல் வழுக்காமல் ஓடிய தம் நாயின் பாதத்தைப் பார்த்து, ரப்பர் சோலில் நுண்ணிய வெட்டுகளை இட்டுப் படகில் அணியும் ஷூவை உருவாக்கினார். அந்த வகை இன்றும் ஈரத் தரைக்கு நல்ல துணை, பார்வைக்கும் கண்ணியமானது.

சோலை நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றே பதிந்து மீண்டால் நல்ல ரப்பர். பிளாஸ்டிக்போல் நகம் பதியாமல் வழுக்கினால் காலும் வழுக்கும். பழைய ஷூவின் சோல் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தால் வேறு பரிகாரம் இல்லை.

நன்றாக இருந்த ஷூ பயணத்தின் நடுவில் சோல் பிரிந்து நிற்கிறது

இது நம் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய கோளாறு. விலையுயர்ந்த ஷூவை நல்ல நாளுக்கென்று பெட்டியிலேயே வைத்திருந்து, நான்கைந்து ஆண்டுகள் கழித்து வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்பவருக்கு, நடுத்தெருவில் சோல் துகள்துகளாக உதிர்ந்து விழுகிறது. குறை தையலிலோ ஒட்டிலோ மட்டும் இல்லை. பல ஷூக்களின் நடுச்சோல், அதாவது இன்சோலுக்கும் தரையில் படும் சோலுக்கும் இடையிலுள்ள மெத்தை அடுக்கு, பாலியூரிதேன் என்னும் செயற்கை நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. ஷூவை அணியாமல் பாதுகாத்து வைப்பது இதைத் தடுப்பதில்லை. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த சென்னை போன்ற ஊரில் மூடிய அலமாரி இதை விரைவுபடுத்தவே செய்யும்.

புறப்படுமுன் நடுச்சோலின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்பு, வெடிப்பு, மாவுபோன்ற உதிர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதை எடுத்துச் செல்லக் கூடாது. ஒட்டுப் பிரிவு மட்டுமென்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டியும் தைத்தும் வாங்கலாம். நடுச்சோலே உதிர்ந்திருந்தால் பசை பிடிக்க இடமே இல்லை. ஈ.வி.ஏ. நுரையால் ஆன நடுச்சோல் இப்படி உதிராது. ஆனால் அழுந்தி அழுந்தித் தன் மீள்தன்மையை இழக்கும். நடைக்கான ஷூவுக்கு 500 முதல் 800 கி.மீ. வரை ஆயுள் என்பது பொதுவான கணக்கு. இரண்டு ஜோடியை ஒருநாள்விட்டு ஒருநாள் அணிந்தால் நுரை மீளவும் உள்ளீரம் உலரவும் அவகாசம் கிடைக்கும்.

ஈரம், நாற்றம், சேற்றுப்புண்

நனைந்த ஷூவில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். தலைமுடி உலர்த்தியையோ அறை வெப்பமூட்டியையோ பயன்படுத்தினால் பசை இளகித் தோல் வெடிக்கும். நீர்புகா உறை தைத்த ஷூ குளிர்கால மழைக்கு ஏற்றது. கோடையில் அது வியர்வையை அடைத்து வைக்கும், மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் உலர நெடுநேரம் பிடிக்கும். விரலிடுக்கில் தோல் வெளுத்து அரித்தால் அது சேற்றுப்புண். கால்களைத் துடைத்து உலர்த்தி, பூஞ்சைக்கான களிம்பு தடவி, சாக்ஸை நடுப்பகலில் ஒருமுறை மாற்றுங்கள்.

கால் சுகமாக இருக்கிறது, உடையோடு சேரவில்லை

அழகை விரும்புவது அற்பமான காரியமல்ல. பிடிக்காத ஷூவைப் பெண்கள் விடுதியிலேயே விட்டுவிட்டுக் கடிக்கும் செருப்போடு கிளம்புகிறார்கள். ஆகவே அழகும் இந்த வழிமுறையில் சேர்ந்ததே. பாதத்தைத் தாங்கும் பகுதிகளில் விட்டுக்கொடுக்காமல், நிறம், மேல்தோல், சோலின் பக்கத் தோற்றம், தையல் வேலைப்பாடு ஆகியவற்றில் அழகைத் தேட வேண்டும். கூர்முனை, மெல்லிய சோல், உயர்ந்த ஹீல் ஆகியவற்றைத் தவிர்த்தாலும் அழகுக்குப் போதிய இடம் மிஞ்சுகிறது.

ஓட்டப்பந்தய ஷூ உடையோடு ஒட்டாமல் தெரிவதற்கு, அதன் பல வண்ணத் துண்டுகளும் ஒளிரும் கோடுகளும் வெளிப்புறம் பிதுங்கும் சோலும் காரணம். அதே வசதியை ஒரே நிறத் தோலில், சோலும் மேல்பகுதியும் நெருங்கிய நிறமாக இருக்கும்படி வாங்கினால் தோற்றமே மாறிவிடும். வெண்ணிறத் தோல் ஸ்னீக்கர் கைத்தறிப் புடவைக்கும், குர்த்திக்கும், ஜீன்ஸுக்கும் பொருந்துகிறது. ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகும். வெள்ளைச் சோல் இரண்டே நாளில் அழுக்கேறும் என்று கருதுபவர்கள் தேன்நிற ரப்பர் சோலைத் தேர்ந்தெடுக்கலாம். கால்சட்டையின் நிறத்துக்கு நெருங்கிய ஷூ காலை நீளமாகக் காட்டும். கொஞ்சம் விழாத் தன்மை வேண்டுவோர்க்கு, புறங்காலில் பட்டை வைத்த மேரி ஜேன் வகை நல்லது. அகலமான வட்ட முனையே அதன் இயல்பான வடிவம் என்பதால் வசதிக்கும் அழகுக்கும் சண்டையே இல்லை. பட்டையைக் கால் வீக்கத்துக்கேற்பத் தளர்த்தவும் முடியும்.

புடவையும் பலாசோவும் ஹீலின் உயரத்தைக் கணக்கிட்டு உடுத்தப்படுபவை. தட்டையான ஷூவுடன் அதே உயரத்தில் கட்டினால் கரை தரையில் புரண்டு, படியிறங்கும்போது காலில் சிக்கும். புடவையை இரண்டு விரல்கடை உயர்த்திக் கட்டுங்கள். பலாசோவை ஷூவை அணிந்துகொண்டே அளந்து மடித்துத் தையுங்கள். ஷூ தெரிவதில் வெட்கம் வேண்டாம். தெரியட்டும் என்று தேர்ந்தெடுத்ததுபோல் இருந்தால் அதுவே பொருத்தம்.

அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது

ஜப்பானில் மரபான விடுதிகளிலும் பல கோயில்களின் உட்பகுதிகளிலும், நம் ஊர்க் கோயில்களில் எங்குமே, ஷூவைக் கழற்ற வேண்டும். நெகிழும் பட்டைவைத்த ஸ்லிப்-ஆன் வகை எளிது. ஆனால் குதிகாலைப் பிடிப்பதில் லேஸுக்கு ஈடாகாது. லேஸ் ஷூவிலேயே நெகிழும் லேஸை மாற்றிக்கொள்வது இரண்டுக்கும் நடுவான வழி. அவசரத்தில் பின்விளிம்பை மிதித்து நுழைக்காதீர்கள். பின்சுவர் ஒருமுறை உடைந்தால் மீளாது. வெயிலில் கொதிக்கும் பிராகாரத்துக்கென்று தடித்த சாக்ஸ் ஒரு ஜோடியைப் பையில் வைத்திருங்கள்.

வலியே தெரியவில்லை, ஆனால் புண் இருக்கிறது

நெடுநாள் சர்க்கரை நோயுள்ள தாயையோ மாமியாரையோ அழைத்துச் செல்பவர்கள் இதைப் படித்துவிட்டே புறப்பட வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்ட பாதம் ஷூ கடிப்பதை உணராது. எனவே வலியைக் கொண்டு பிழை காணும் இந்த முறை அவர்களுக்குப் பொருந்தாது. கண்ணாலும் கையாலும்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அணியுமுன் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவுங்கள். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தவே கூடாது. எம்.சி.ஆர். செருப்பு (நுண்துளைகள் கொண்ட மென்மையான ரப்பர் உள்ளடி வைத்தது) அணியும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், அழகுக்காக வேறொன்றுக்கு மாறுவதற்குமுன் அவரைக் கேளுங்கள். அதே மென்மையான உள்ளடி வைத்த மூடிய ஷூக்களும் கிடைக்கின்றன.

எதைச் செய்தும் சரிப்படவில்லை, ஊரோ தொலைவில்

நடுப்பயணத்தில் வேறு ஷூ வாங்குவதைத் தோல்வியாகக் கருதாமல், மீதி நாள்களுக்கான செலவாகக் கருதுங்கள். குறித்துவைத்த மில்லிமீட்டர் அளவையும் கடித்த ஷூவையும் எடுத்துக்கொண்டு, மாலையில் கடைக்குப் போங்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினால், மொழி தெரியாவிட்டாலும் விற்பவருக்குப் புரியும். கொப்புளத்தின் மேல் டேப் ஒட்டியபடியே போட்டுப் பார்த்து, கடைக்குள் படியிருந்தால் ஏறி இறங்குங்கள். பழைய ஷூவைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டும் வெவ்வேறு இடங்களில் அழுத்தும் என்பதால், காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக அணிந்தால், புண்பட்ட இடம் ஆறும்வரை சமாளிக்கலாம்.